மைதானத்துக்குப் போகாமல் இருந்தால் உரிமையாளர் வழிக்கு வருவாரா?

கேள்வி இதுதான்: அமெரிக்க பேஸ்பாலில் ஓர் அணி வருஷக்கணக்காகத் தோற்கிறது. உரிமையாளர் பெரும் கோடீஸ்வரர், ஆனால் ஆட்டக்காரர்களுக்குச் செலவழிக்க அவருக்கு மனம் வருவதில்லை. அப்படியும் ரசிகர்கள் ஏன் அந்த அணியை விட்டுப் போவதில்லை? எல்லோரும் சேர்ந்து டிக்கெட் வாங்குவதை நிறுத்தினால் அவர் வழிக்கு வந்துதானே ஆக வேண்டும்?

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வர மாட்டார். காலி இருக்கைகள் மட்டும் ஓர் உரிமையாளரை அசைத்ததாக இந்த விளையாட்டில் அநேகமாக உதாரணமே கிடையாது. ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, அவருக்குப் பணம் எந்தெந்த வழியில் வருகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு ஓக்லாந்து அத்லெட்டிக்ஸ் கதையைவிடத் தெளிவான பாடம் இல்லை. ஆகவே பெரும்பாலும் அதை வைத்தே சொல்கிறேன்.

மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள். யாரும் கீழே இறங்குவதும் இல்லை, கீழிருந்து யாரும் மேலே வருவதும் இல்லை. ஐபிஎல்லும் இப்படித்தான். ஐரோப்பியக் கால்பந்தில் கடைசி இடத்துக்குப் போனால் அடுத்த வருஷம் இரண்டாம் நிலை லீக்கில் ஆட வேண்டும், வருமானம் பாதியாகிவிடும் என்ற பயமாவது உரிமையாளருக்கு உண்டு. இங்கே 112 ஆட்டம் தோற்றாலும் அடுத்த மார்ச் மாதம் அதே லீக், அதே பங்கு.

அந்தப் பங்கு என்ன? நாடு தழுவிய தொலைக்காட்சி ஒப்பந்தங்களிலிருந்து ஒவ்வோர் அணிக்கும் வருஷத்துக்குச் சுமார் 6 கோடி டாலர் வருகிறது. ஜெயித்த அணிக்கும் தோற்ற அணிக்கும் ஒரே தொகை. தொப்பி, ஜெர்சி விற்பனையில் வரும் உரிமத்தொகையும் 30 பங்காகப் பிரிகிறது. இதற்கு மேல் வருமானப் பகிர்வு என்று ஓர் ஏற்பாடு. ஒவ்வோர் அணியும் தன் உள்ளூர் வருமானத்தில், அதாவது டிக்கெட், உள்ளூர் டிவி, பார்க்கிங், சாப்பாடு எல்லாம் சேர்ந்ததில், 48 சதவீதத்தைப் பொதுநிதியில் போட வேண்டும். அந்த நிதி சமமாகப் பிரிக்கப்படும். நியூயார்க் போன்ற பெரிய ஊர் அணிகள் போட்டதைவிடக் குறைவாகத் திரும்பப் பெறும், சின்ன ஊர் அணிகள் போட்டதைவிட அதிகமாகப் பெறும்.

இப்போது டிக்கெட் புறக்கணிப்பை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். நீங்கள் 100 டாலர் டிக்கெட்டை வாங்காமல் விட்டால் உரிமையாளருக்கு 100 டாலர் போவதில்லை. அதில் 48 எப்படியும் பொதுநிதிக்குப் போக வேண்டியது. பொதுநிதி குறைவதால் அவருடைய முப்பதில் ஒரு பங்கும் ஒன்றரை டாலர் போலக் குறையும். ஆக அவர் கையைக் கடிப்பது சுமார் 54 டாலர்தான். உங்கள் பெரிய தியாகம் அவரிடம் போய்ச் சேருவதற்குள் பாதியாகிவிடுகிறது.

செலவுப் பக்கம் இன்னும் மோசம். ஓர் ஆட்டக்காரர் மேஜர் லீக்கில் ஆறு வருஷ சேவைக்காலத்தை முடித்த பிறகுதான் விரும்பிய அணிக்குப் போகலாம். முதல் மூன்று வருஷம் ஏறக்குறைய குறைந்தபட்சச் சம்பளம். 2023-இல் அது 7,20,000 டாலர். அடுத்த மூன்று வருஷம், சம்பளத் தகராறை நடுவர் மன்றம் தீர்க்கும் முறையில், சம்பளம் ஏறும். செலவழிக்க விரும்பாத உரிமையாளர் என்ன செய்வார்? சம்பளம் ஏறத் தொடங்கும் நான்காவது, ஐந்தாவது வருஷத்தில் ஆட்டக்காரரை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டு, அவருக்குப் பதிலாக 20, 21 வயது இளைஞர்கள் மூன்று நான்கு பேரை வாங்குவார். கடிகாரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடும்.

2021 சீசன் முடிந்ததும் ஓக்லாந்தில் நடந்தது இதுதான். அந்த அணி அந்த வருஷம் 86 ஆட்டம் ஜெயித்திருந்தது. 2022 மார்ச்சில் கிறிஸ் பாசிட் நியூயார்க் மெட்ஸ் அணிக்குப் போனார். மாட் ஓல்சன் அட்லாண்டாவுக்கு. மாட் சாப்மன் டொராண்டோவுக்கு. ஏப்ரலில் ஷான் மனாயா சான் டியேகோவுக்கு. ஆகஸ்டில் ஃபிராங்கி மோன்டாஸ் யாங்கீஸுக்கு. டிசம்பரில் ஷான் மர்ஃபியும் அட்லாண்டாவுக்கு. ஓல்சன் கதையில் ரசிகர்களுக்கு வலித்த இடம் வேறு. அவர் ஓக்லாந்து இருக்கும் பே ஏரியா வட்டாரத்திலேயே ஒப்பந்தம் போட்டுத் தங்கியிருக்கக் கூடிய ஆள் என்று அவர்கள் நம்பினார்கள். அணி மாறிய மறுநாளே அட்லாண்டா அவரோடு 8 வருஷத்துக்கு 16.8 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. அதாவது ஒரு நாளில் வேறோர் உரிமையாளரால் முடிந்தது. இதே காலத்தில் ஓக்லாந்து நிர்வாகம் சீசன் டிக்கெட் விலையைக் கடுமையாக ஏற்றியது. அணியைப் பிரித்துக் கொடுத்த அதே குளிர்காலத்தில் விலையேற்றம்! 2022-இல் 102 தோல்வி, 2023-இல் 112 தோல்வி. 2023-இல் லீக்கிலேயே மிகக் குறைந்த சம்பளப் பட்டியல் அந்த அணியுடையதுதான்.

இதோடு சொத்து மதிப்பையும் சேர்க்க வேண்டும். ஜான் ஃபிஷர், லூயிஸ் உல்ஃப் இருவர் தலைமையிலான குழு 2005-இல் அணியைச் சுமார் 18 கோடி டாலருக்கு வாங்கியது. கேப் துணிக்கடை நிறுவனத்தைத் தொடங்கிய குடும்பத்தின் மகன் ஃபிஷர். 2023-இல் ஃபோர்ப்ஸ் பத்திரிகை அணிக்குப் போட்ட மதிப்பு 118 கோடி டாலர். தோற்றாலும் ஜெயித்தாலும் மதிப்பு ஏறுகிறது, ஏனென்றால் இருப்பது 30 இடம் மட்டுமே, வாங்க ஆசைப்படும் கோடீஸ்வரர்கள் அதைவிட அதிகம். வரிச் சலுகையும் உண்டு. அமெரிக்க வரிச் சட்டப்படி, அணியை வாங்கிய விலையில் பெரும்பகுதியை 15 வருஷத்துக்குத் தேய்மானம்போலக் கழித்துக்கொள்ளலாம். அதனால் கையில் லாபம் வரும் வருஷத்திலும் காகிதத்தில் நஷ்டம் காட்ட முடியும். "எங்களுக்கு நஷ்டம்" என்று ஓர் உரிமையாளர் சொல்லும்போது எந்தக் கணக்கைச் சொல்கிறார் என்று கேட்க வேண்டும். பெரும்பாலான அணிகள் கணக்கை வெளியிடுவதே இல்லை.

சரி, ஓக்லாந்து மக்களுக்குத்தான் பேஸ்பாலில் ஆர்வம் இல்லையோ? இதைத்தான் நிர்வாகம் மறைமுகமாகவும் லீக் ஆணையர் ராப் மன்ஃப்ரெட் ஏறக்குறைய நேரடியாகவும் சொல்லி வந்தார்கள். இதற்குப் பதில் அதே அணியின் பழைய கணக்கிலேயே இருக்கிறது. இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் தகும் என்பது என் எண்ணம்.

அத்லெட்டிக்ஸ் 1968-இல் ஓக்லாந்துக்கு வந்தது. 1972, 73, 74 மூன்று வருஷமும் தொடர்ந்து உலகத் தொடரை, அதாவது லீக்கின் சாம்பியன் பட்டத்துக்கான இறுதிச் சுற்றை, வென்றது. அப்போதைய உரிமையாளர் சார்லி ஃபின்லி. ஆட்டக்காரர்களுக்குச் சுதந்திரம் கிடைத்துச் சம்பளம் ஏறத் தொடங்கியதும் அவர் அணியைக் கலைக்கத் தொடங்கினார். 1976-இல் ஜோ ரூடி, ராலி ஃபிங்கர்ஸ் இருவரையும் தலா 10 லட்சம் டாலருக்கு பாஸ்டனுக்கும், வைடா புளூவை 15 லட்சத்துக்கு யாங்கீஸுக்கும் விற்கப் பார்த்தார்; அன்றைய ஆணையர் போவி கூன் அந்த விற்பனையை ரத்துசெய்தார். ஆனாலும் அணி கரைந்தது. 1979-இல் 108 தோல்வி. அந்த ஏப்ரலில் ஓர் ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கி வந்தவர்கள் 653 பேர். சீசன் முழுவதும் சேர்த்து 3,06,763 பேர். அன்றும் இதே பேச்சுதான்: இந்த ஊர் பேஸ்பால் ஊர் இல்லை.

1980-இல் லீவைஸ் ஜீன்ஸ் நிறுவனத்தின் வால்டர் ஹாஸ் அணியை 1.27 கோடி டாலருக்கு வாங்கினார். பயிற்சி அணிகளில் முதலீடு செய்தார், ஊரோடு ஒட்டினார், ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுத்தார். 1988 முதல் 1990 வரை தொடர்ந்து மூன்று முறை அணி உலகத் தொடருக்குப் போனது, 1989-இல் வென்றது. 1990-இல் வந்த பார்வையாளர்கள் 29 லட்சம் பேர். அதே ஊர், அதே கோலிசியம் அரங்கு, அதே பச்சை மஞ்சள் சட்டை. 11 வருஷத்தில் 3 லட்சம் 29 லட்சமானது. மாறியது உரிமையாளர் மட்டுமே.

பிற்காலத்திலும் அப்படித்தான். 2019 அக்டோபர் 2 அன்று நடந்த ஒற்றை ஆட்ட வைல்ட் கார்டுக்கு, அதாவது தோற்றால் வெளியேற வேண்டிய சுற்றுக்கு, 54,005 பேர் வந்தார்கள். ஆட வேண்டிய அணியை ஆட விட்டால் கூட்டம் வரும்.

ஆகவே இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தோல்வி ரசிகர்களை விரட்டுவதில்லை. பேஸ்பாலில் சிறந்த அணியே வருஷத்துக்கு 162 ஆட்டத்தில் அறுபது தோற்கும். தோல்வியோடு வாழப் பழகாதவர் இந்த விளையாட்டைப் பார்க்கவே முடியாது. அவர்களைக் கொதிக்க வைப்பது, ஜெயிக்க முயற்சியே நடக்கவில்லை என்ற அறிவு. ஓக்லாந்தில் இது இன்னும் கூர்மையாகக் குத்தியது. ஏனென்றால் 2002-இல் பில்லி பீன் நிர்வாகத்தில் சுமார் 4 கோடி டாலர் சம்பளப் பட்டியலோடு 103 ஆட்டம் ஜெயித்து, தொடர்ந்து 20 வெற்றி பெற்றுக் காட்டிய அணி அது. குறைந்த பணத்தில் புத்தியால் ஜெயிக்கலாம் என்பதை உலகுக்குக் காட்டியவர்களின் சாதனையே, பின்னால் பணம் போடாமலிருக்க ஒரு சாக்காகிப்போனது.

மைதானத்தின் நிலையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உரிமையாளர் தரப்பின் முக்கியமான வாதமே அதுதான். அந்த வாதத்தில் பாதி உண்மை. 1966-இல் திறந்த கோலிசியம் உண்மையிலேயே பாழடைந்திருந்தது. 2013 ஜூனில் ஓர் ஆட்டம் முடிந்ததும் சாக்கடை எதிர்த்துப் பாய்ந்து இரண்டு அணிகளின் உடைமாற்றும் அறைகளிலும் கழிவுநீர் நின்றது. ஆட்டக்காரர்கள் மாடியிலிருந்த ரெய்டர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் அறையில் போய்க் குளித்தார்கள். 2023-இல் வர்ணனையாளர் அறைச் சுவருக்குள் போசம் என்ற சிறு விலங்கு குடியிருந்ததால் வெளியூர் வர்ணனைக்குழு வேறு அறைக்கு மாற வேண்டியிருந்தது. ஆனால் அந்த அரங்கின் அழகைக் கெடுத்ததே இன்னோர் உரிமையாளரைத் திருப்திப்படுத்தப் போய்த்தான். ரெய்டர்ஸைத் திரும்ப அழைத்துவர 1995, 96-இல் வெளிக்களத்தின் பின்னால் ஒரு பெரிய கான்கிரீட் அடுக்கைக் கட்டினார்கள். ரசிகர்கள் அதை, ரெய்டர்ஸ் உரிமையாளரின் பெயரால், 'டேவிஸ் மலை' என்பார்கள். அதுவரை தெரிந்த ஓக்லாந்து குன்றுகள் மறைந்தன. ரெய்டர்ஸ் 2020-இல் லாஸ் வேகாஸுக்குப் போனபிறகும் அந்தக் கடனை நகரமும் மாவட்டமும் அடைத்துக்கொண்டிருந்தன. சூடுபட்ட நகரம் அடுத்த உரிமையாளருக்குக் கேட்டதையெல்லாம் எழுதிக்கொடுக்கத் தயங்கியதில் நியாயம் இருந்தது.

2023 ஏப்ரல் 19 இரவு, லாஸ் வேகாஸில் நிலம் வாங்க ஒப்பந்தம் என்று செய்தி வந்தது. துறைமுகத்தை ஒட்டிய ஹோவர்ட் டெர்மினலில் 35,000 இருக்கை அரங்கு, வீடுகள், ஹோட்டல் என்று 1,200 கோடி டாலர் திட்டத்தைப் பற்றி நகரத்தோடு பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது. மே 15 அன்று அரிசோனாவுக்கு எதிரான ஆட்டத்துக்கு வந்தவர்கள் 2,064 பேர். வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலச் சட்டமன்றத்தில் இந்தக் கூட்டக் கணக்கே ஓக்லாந்துக்கு எதிரான சாட்சியாக நின்றது. புறக்கணிப்பின் இரண்டாவது ஆபத்து இதுதான்: நீங்கள் கோபத்தில் காலியாக விட்ட இருக்கையைப் படம் பிடித்து, "பாருங்கள், ஊருக்கு அக்கறை இல்லை" என்று உங்களுக்கு எதிராகவே காட்டுவார்கள்.

இதைப் புரிந்துகொண்ட ரசிகர்கள் எதிர்த்திசையில் யோசித்தார்கள். 2023 ஜூன் 13 நடந்த 'தலைகீழ் புறக்கணிப்பு' ரசிகர் போராட்டங்களில் மிக நன்றாகத் திட்டமிடப்பட்ட ஒன்று. ஓக்லாந்து 68ஸ், லாஸ்ட் டைவ் பார் ஆகிய ரசிகர் குழுக்கள் முன்னின்றன. நாள் தேர்விலேயே புத்தி தெரிந்தது. செவ்வாய்க்கிழமை இரவு, டாம்பா பே எதிரணி. பரிசுப்பொருள் இல்லை, வாணவேடிக்கை இல்லை. கூட்டமே வராத வகையைச் சேர்ந்த ஆட்டம். அன்று அரங்கு நிரம்பினால் வேறெந்தக் காரணமும் சொல்ல முடியாது. இரண்டாவது, நிறமும் வாசகமும். நன்கொடை திரட்டி, பச்சை டி-ஷர்ட்டில் 'செல்', அதாவது 'விற்றுவிடு', என்ற ஒரே சொல்லை அச்சிட்டு ஆயிரக்கணக்கில் வாகன நிறுத்துமிடத்தில் இலவசமாகக் கொடுத்தார்கள். தொலைக்காட்சியில் தூரத்திலிருந்து காட்டினாலும் படிக்க முடிகிற அளவு எழுத்து. மூன்றாவது, நேரம். ஐந்தாவது இன்னிங்ஸ் தொடக்கத்தில் முதல் பேட்டர் ஆடி முடியும்வரை அத்தனை பேரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரே குரலில், "அணியை விற்றுவிடு!" வர்ணனையாளர்கள் பேசாமல் கடக்க முடியாத சத்தம் அது. வந்தவர்கள் 27,759 பேர். அத்லெட்டிக்ஸ் 2-1 என்று ஜெயித்தது, அந்த மோசமான சீசனில் தொடர்ந்து ஏழாவது வெற்றி.

டிக்கெட் வாங்கி உரிமையாளருக்கே பணம் கொடுத்துவிட்டு அவரை எதிர்ப்பதா என்று அப்போது சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அன்றைய டிக்கெட் வருமானம் 8 லட்சம் டாலருக்கு மேல் முழுவதையும் உள்ளூர் உணவு வங்கிக்கும் பள்ளிக்கல்வி நிதிக்கும் கொடுப்பதாக நிர்வாகமே அறிவிக்க வேண்டியதாயிற்று. கூட்டத்தின் அழுத்தம் இல்லாமல் அது நடந்திருக்காது.

ஆனாலும் அது ஜெயிக்கவில்லை. ஏன் என்பதுதான் முக்கியம். அதே ஜூன் 13 அன்று நெவாடா செனட் வேகாஸ் அரங்குக்காக 38 கோடி டாலர் வரையிலான பொதுப்பணத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மறுநாள் கீழவை, ஜூன் 15 ஆளுநர் கையெழுத்து. ஓக்லாந்தில் குரல் எழுந்தது. முடிவு நெவாடா தலைநகர் கார்சன் சிட்டியில் எடுக்கப்பட்டது. அங்கே ஓக்லாந்து ரசிகருக்கு ஓட்டு இல்லை. நவம்பர் 16 அன்று லீக்கின் உரிமையாளர்கள் 30-0 என்று இடமாற்றத்தை ஏற்றார்கள். தேவைப்பட்டது முக்கால் பங்கு ஓட்டு, கிடைத்தது அத்தனையும். இடம் மாறும் அணி லீக்குக்குக் கட்ட வேண்டிய கட்டணத்தையும் தள்ளுபடி செய்தார்கள். இன்று ஓக்லாந்துக்குக் கிடைத்த மிரட்டல் நாளைக்குத் தங்கள் நகரத்தில் தங்களுக்கும் உதவும் என்பது அந்த 30 பேருக்கும் தெரியும்.

நீதிமன்றம் உதவாதா என்று கேட்பீர்கள். 1922-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பேஸ்பால் ஆட்டம் மாநிலங்களுக்கிடையிலான வணிகம் ஆகாது என்று தீர்ப்பளித்து, ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து இந்த விளையாட்டுக்கு விலக்குக் கொடுத்தது. 1953-லும் 1972-லும் அதே விலக்கு தொடர்ந்தது. ஆட்டக்காரர் வேலை விஷயத்தில் மட்டும் 1998-இல் நாடாளுமன்றம் அதைத் தளர்த்தியது. அணிகளின் இடமாற்றம், எல்லை உரிமை இவற்றில் விலக்கு அப்படியே இருக்கிறது. இதே அத்லெட்டிக்ஸ் சான் ஹோசேவுக்குப் போக நினைத்தபோது அந்தப் பகுதி சான் ஃபிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் அணியின் எல்லை என்று தடுக்கப்பட்டது. சான் ஹோசே நகரம் வழக்குப் போட்டு 2015-இல் தோற்றது. எல்லையை ஜயண்ட்ஸுக்கு ஒரு பைசா வாங்காமல் விட்டுக்கொடுத்தவர் அந்த நல்ல மனிதர் ஹாஸ்தான் என்பது இந்தக் கதையில் மனசைப் பிசையும் விஷயம்.

அப்படியானால் எது பலிக்கும்? நடந்தவற்றை வைத்துச் சொல்கிறேன்.

உரிமையாளர் கடனில் இருந்தால் ரசிகர் கோபத்துக்கு உடனே பலம் வரும். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் ஃபிராங்க் மெக்கோர்ட் கடன்மேல் கடன் வாங்கி அணியை நடத்தினார். 2010-இல் 35 லட்சத்தைத் தாண்டியிருந்த கூட்டம் 2011-இல் 30 லட்சத்துக்குக் கீழே இறங்கியது. அன்றாடப் பணப்புழக்கத்தை நம்பியிருந்தவருக்கு அது பேரிடி. லீக் தலையிட்டது, அணி திவால் மனு கொடுத்தது, 2012-இல் 200 கோடி டாலருக்கு விற்பனையானது. கையில் ரொக்கம் வைத்திருக்கும் ஃபிஷர் போன்றவரிடம் இதே ஆயுதம் பலிக்காது. ஆகவே முதல் வேலை, உங்கள் உரிமையாளர் எந்த வகை என்று தெரிந்துகொள்வது. அவர் அணியை அடமானம் வைத்து வாழ்கிறாரா, வேறு தொழிலில் வாழ்ந்துகொண்டு அணியைச் சொத்தாகப் பூட்டி வைத்திருக்கிறாரா?

பொதுப்பணம் கேட்கும் நேரம் ரசிகருக்குக் கிடைக்கும் மிகப் பெரிய வாய்ப்பு, ஏனென்றால் அங்கேதான் அவர் வாக்காளர். 2024 ஏப்ரலில் கன்சாஸ் சிட்டி இருக்கும் ஜாக்சன் மாவட்ட மக்கள், ராயல்ஸ் பேஸ்பால் அணியும் சீஃப்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணியும் கேட்ட விற்பனை வரி நீட்டிப்பை 58 சதவீத ஓட்டால் நிராகரித்தார்கள். சீஃப்ஸ் அப்போதுதான் சூப்பர் பவுல் ஜெயித்திருந்தது. அப்படியும் இல்லை என்றார்கள். குத்தகை ஒப்பந்தத்தில் எழுதிவைக்க வேண்டியவை: அணி எந்த வருஷம் வரை கட்டாயம் இருக்க வேண்டும், முன்கூட்டியே போனால் எவ்வளவு அபராதம், அணி விற்கப்பட்டால் மதிப்பேற்றத்தில் நகரத்துக்கு என்ன பங்கு, பெயரும் நிறமும் யாருக்கு. கையெழுத்தாகிவிட்டால் அடுத்த 30 வருஷத்துக்குப் பேச ஒன்றும் இருக்காது.

சட்டமும் உதவியிருக்கிறது. 1995-இல் கிளீவ்லண்ட் பிரௌன்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணி கிளம்பியபோது நகரம் வழக்குப் போட்டு, பெயர், நிறம், வரலாறு மூன்றையும் தக்கவைத்தது. அதன்பிறகு ஒஹையோ மாநிலம் ஒரு சட்டம் போட்டது: பொதுப்பண அரங்கில் ஆடும் அணி கிளம்ப நினைத்தால் ஆறு மாதம் முன்னறிவிப்புக் கொடுத்து, உள்ளூர்க்காரர் வாங்க வாய்ப்பளிக்க வேண்டும். 2018-இல் கொலம்பஸ் க்ரூ கால்பந்து அணியை ரசிகர்கள் காப்பாற்றியபோது இந்தச் சட்டம் அவர்கள் கையில் இருந்தது. ஓக்லாந்துக்காக 2023-இல் அந்தத் தொகுதியின் அப்போதைய உறுப்பினர் பார்பரா லீ நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த மசோதா நிறைவேறவில்லை.

சின்ன விஷயங்களில் சத்தம் போட்டாலே போதும். 2025 ஏப்ரலில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் நிர்வாகம், வலதுபுற வெளிக்களச் சுவரிலிருந்த ரோபர்ட்டோ கிளமென்டேயின் 21 என்ற எண்ணை எடுத்துவிட்டு ஒரு மதுபான விளம்பரத்தை வைத்தது. நிகாரகுவா பூகம்ப நிவாரணப் பொருள் கொண்டுபோகும் வழியில் 1972-இல் விமான விபத்தில் இறந்தவர் கிளமென்டே. அந்த ஊருக்கு அவர் தெய்வம் மாதிரி. கொந்தளிப்பில் எண் திரும்ப வந்தது. ஆனால் அதே மாதம் முதல் உள்ளூர் ஆட்டத்தன்று விமானம் வைத்து "அணியை விற்றுவிடு, பாப்" என்று வானத்தில் பதாகை பறக்கவிட்டார்கள்; உரிமையாளர் பாப் நட்டிங் அசையவில்லை. விமானப் பதாகை செய்தியாகும், அதற்கு மேல் அதற்குச் சக்தி இல்லை.

தனி ரசிகராகப் பணத்தைக் குறைக்க நினைப்பவருக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். அதிகாரபூர்வத் தொப்பியை வாங்காமலிருப்பதால் உங்கள் உரிமையாளருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, அது 30 பங்காகும் பணம். அரங்கின் உள்ளே உள்ள கடையில் வாங்காமலிருப்பது கொஞ்சம் உறைக்கும். சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்காமல் விடுவது, ஒற்றை டிக்கெட்டை விடுவதைவிடப் பல மடங்கு வலிமையானது, ஏனென்றால் அந்தப் பணம் சீசனுக்கு முன்பே மொத்தமாகக் கைக்கு வருவது, அடுத்த வருஷ பட்ஜெட்டே அதை வைத்துத்தான் போடப்படுகிறது. விடும்போது காரணத்தை எழுதிக் கொடுங்கள். விற்பனைப் பிரிவு அதைத் தொகுத்து மேலே அனுப்பும். போயே ஆக வேண்டுமானால் பார்க்கிங்கையும் உள்ளே சாப்பாட்டையும் தவிருங்கள். கோலிசியத்தில் பார்க்கிங் 30 டாலராக இருந்தது. பார்ட் ரயில் நிலையத்திலிருந்து நடைபாலம் நேராக வாசலில் விடும். விவரம் தெரிந்தவர்கள் அதில்தான் போனார்கள்.

இனி முதல் கேள்வி. ஏன் விட்டுப் போவதில்லை?

ஓக்லாந்தின் வலதுபுற வெளிக்கள இருக்கைகளைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். மர பெஞ்சு மாதிரியான மலிவான இடம். மேளம், பெரிய பெரிய கொடிகள், ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் தனிப் பாட்டு. அங்கே வந்தவர்களுக்கு ஒருவரை ஒருவர் 20, 30 வருஷமாகத் தெரியும். ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் போவார். வெளியே வாகன நிறுத்துமிடத்தில் காலையிலிருந்து அடுப்பு மூட்டிக் கறி சுடுவார்கள். ஆட்டக்காரர் நாலு வருஷத்தில் போய்விடுவார் என்று தெரிந்தே பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவர்கள் விசுவாசம் அந்த இருக்கைக்கும் பக்கத்து இருக்கைக்காரருக்கும் ஊருக்கும்தான். உரிமையாளர் வைத்திருப்பது லீக் கொடுத்த உரிமப் பத்திரம். கோபமும் அந்த விசுவாசத்தின் இன்னொரு முகமே. அக்கறையில்லாதவர் 'விற்றுவிடு' சட்டை போட்டுக்கொண்டு மூன்று மணி நேரம் கத்த மாட்டார். வீட்டில் வேறு சேனல் பார்ப்பார்.

2024 செப்டம்பர் 26, கோலிசியத்தில் கடைசி ஆட்டம். அந்தச் சீசனிலும் 93 தோல்வி, அணி கிளம்புவது உறுதி. வந்தவர்கள் 46,889 பேர். டெக்ஸஸை 3-2 என்று ஜெயித்தார்கள். முடிந்ததும் மேனேஜர் மார்க் காட்சே மைக்கைப் பிடித்து நன்றி சொல்லி, "லெட்ஸ் கோ ஓக்லாந்து" கோஷத்தை அவரே தொடங்கிவைத்தார். மைதான ஊழியர்கள் களத்து மண்ணை அள்ளி ரசிகர்களுக்குக் கொடுத்தார்கள்.

அணி இப்போது மேற்கு சாக்ரமென்டோவில் சுமார் 14,000 பேர் கொள்ளும் ஒரு சிறு லீக் அரங்கில் ஆடுகிறது, பெயரில் ஊரே இல்லாமல், வெறும் 'அத்லெட்டிக்ஸ்' என்று. உள்ளூர் டிவி ஒப்பந்தப் பணம் கைவிட்டுப் போகாமலிருக்க அந்த வட்டாரத்திலேயே இருக்க வேண்டியிருந்தது. 2025-இல் அங்கேயும் சராசரிக் கூட்டம் 10,000-ஐத் தொடவில்லை. வேகாஸில் 33,000 இருக்கை அரங்குக்கு 2025 ஜூனில் பூமிபூஜை மாதிரி ஒரு விழா நடந்தது, 2028-இல் திறப்பதாகத் திட்டம். ஓக்லாந்தில் மிஞ்சியவர்கள் பாலர்ஸ் என்ற புது அணியைச் சுற்றிச் சேர்ந்தார்கள். எந்த மேஜர் லீக் அணிக்கும் கிளையில்லாத பயனியர் லீக் அணி அது, மேற்கு ஓக்லாந்தின் ரைமோண்டி பார்க்கில் 2024-இல் ஆடத் தொடங்கியது. 2,000-க்கும் மேற்பட்ட ரசிகர்கள் அதில் பங்கு வாங்கியிருக்கிறார்கள். 2025-இல் லீக் பட்டத்தையும் வென்றது. மேஜர் லீக்கில் இது நடக்க விட மாட்டார்கள்: சான் டியேகோ பாட்ரெஸ் அணியை நகரத்துக்கே தானமாகக் கொடுக்க அதன் உரிமையாளர் ஜோன் கிராக் விரும்பியபோது மற்ற உரிமையாளர்கள் மறுத்தார்கள், அவர் 1990-இல் தனியாருக்கு விற்றார்.

இந்த விஷயத்தைத் தொடர்ந்து கவனிக்க விரும்பினால் இரண்டு தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்டக்காரர் சங்கத்துக்கும் லீக்குக்கும் உள்ள ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. பகிர்வுப் பணம் வாங்கும் அணி அதைக் களத்தில் செலவிட வேண்டும் என்ற விதி இப்போதே இருக்கிறது. அத்லெட்டிக்ஸ் திடீரென்று லூயிஸ் செவெரினோவுக்கு 3 வருஷத்துக்கு 6.7 கோடி டாலர் கொடுத்து, அதுவரையிலான தன் வரலாற்றிலேயே பெரிய ஒப்பந்தத்தைப் போட்டதற்குச் சங்கம் புகார் கொடுத்துவிடும் என்ற கவலையே காரணம் என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. புது ஒப்பந்தத்தில் சம்பளத்துக்குக் கட்டாயக் குறைந்தபட்ச எல்லை வருமா, வந்தால் அதோடு உச்சவரம்பும் வருமா என்பதே பெரிய சண்டையாக இருக்கும். இன்னொன்று சிகாகோ. 2024-இல் 121 தோல்வியோடு நவீன காலத்தின் மிக மோசமான சாதனையைப் படைத்த வைட் சாக்ஸின் அரங்கக் குத்தகை 2029-இல் முடிகிறது. 1988-இல் உரிமையாளர் ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃப் புளோரிடாவுக்குப் போய்விடுவதாகச் சொல்லி, நள்ளிரவுக் கெடு தாண்டிவிடாமலிருக்கக் கடிகாரத்தை நிறுத்திவைத்து இல்லினாய் சட்டமன்றத்தில் அரங்குப் பணத்தை வாங்கினார்கள். 2024-இல் அவர் மறுபடி 100 கோடி டாலர் அளவில் கேட்டபோது சட்டமன்றம் பிடிகொடுக்கவில்லை. அங்கே இருக்கும் ரசிகர்கள் இப்போது செய்ய வேண்டியது தங்கள் தொகுதி உறுப்பினருக்குக் கடிதம் எழுதுவது, குத்தகை பற்றிய பொதுக்கூட்டங்களில் போய் உட்காருவது, மேலே சொன்ன நான்கு ஷரத்துகளையும் எழுத்தில் கேட்பது.